நான்கு விநாடி ஓட்டுநர்

செண்பகவல்லி கோவில்பட்டியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கோயம்புத்தூரில் ஒரு மனிதரின் வலது கை நசுங்கியது. அது அவள் செய்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பல பேர் மூன்று வாரம் அலைந்தார்கள். கண்டுபிடித்தார்களா என்று கேட்டால் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது.

புதுரோட்டில் கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தை ‘நெடுங்கை’ என்ற நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு ஸ்டியரிங், காலுக்கு பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும், எதிரே வளைந்த பெரிய திரை. அங்கே உட்கார்ந்தபடி சேலத்திலும் திருச்சியிலும் கோவையிலும் ஓடும் கார்களைப் பெண்கள் ஓட்டினார்கள். காருக்குச் சொந்தக்காரர் பின் சீட்டில் இருப்பார். ஓட்டுநர் சீட் காலியாக இருக்கும். செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அந்தக் காலி சீட்டில்தான் தான் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டாள். பிறகு பழகிவிட்டது.

இந்த ஏற்பாடு வந்ததும் காப்பீட்டுச் சட்டத்தையும் மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் காப்பீடு வண்டிக்கு இருந்தது. ஒரே வண்டியைக் காலையில் ஒரு ஊரிலிருந்தும் மாலையில் வேறொரு ஊரிலிருந்தும் ஆட்கள் ஓட்ட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். முகம் தெரியாதவர்கள் செய்யும் தவறுக்கு நாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டதால் காப்பீடு வண்டியை விட்டு ஓட்டுகிற கையைப் பிடித்துக்கொண்டது. செண்பகவல்லியின் பெயரிலும் ஒரு பாலிசி இருந்தது. ‘தமக்கு உடைமையல்லாத வாகனத்தை இயக்குபவர்’ என்று அதில் அவளைக் குறிப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு உடைமையாக ஒரு சைக்கிள்கூட இல்லை என்பதால் அந்த வரியைப் படித்து அவள் கணவன் கோமதிநாயகம் சிரித்தான்.

ஆறு வருஷமாக அவள் ஓட்டியது பேராசிரியர் ஹேமலதாவின் காரை. கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய், இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ஆனாலும் கல்லூரிக்குப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுப்பதை அவர் விடவில்லை. இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

அன்றைக்கு மணி ஒன்பதே முக்கால். மசக்காளிபாளையம் பக்கம் லேத் பட்டறைகள் நிறைந்த ஒரு தெருவில் கார் போய்க்கொண்டிருந்தது. விடுதியில் இருக்கும் தன் மகளின் சாப்பாட்டுப் புலம்பலைச் செண்பகவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து பச்சை நிறக் குப்பை வண்டி ஒன்று திடீரென்று வெளியே வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். செண்பகவல்லி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். கார் தெருவோரம் ஏறி, பட்டறை வாசலில் நின்றிருந்த மொபெட்டில் போய் இடித்தது. மொபெட்டில் கை ஊன்றி நின்றிருந்த ஒரு லேத் டர்னரின் கை, வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

இதுதான் அவளுக்கு ஞாபகம். பச்சை வண்டி, ஒடித்த கை, திரையில் குலுங்கிய சுவர். உள்ளங்கையில் அந்த ஸ்டியரிங்கின் அழுத்தம் இரண்டு நாள் போகவில்லை.

மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சாமுவேல் ஜெயசிங் என்ற சர்வேயர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். அவள் நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொல்லி, தப்பு தன்னுடையதுதான் என்று முடித்தாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, உங்களுக்கு நல்ல செய்திதான் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அந்த நேரத்தில் நான்கு விநாடி காரிலிருந்து அவளுக்குப் படம் வந்தது, அவளிடமிருந்து காருக்கு ஒன்றும் போகவில்லை. பதிவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“அப்படின்னா யாரு திருப்பினது?” என்று கேட்டாள்.

“வண்டியே திருப்பியிருக்கும்மா. லைன் அடிக்கடி போகும், வரும். போகிற நேரத்துல வண்டி தன்னைத்தானே பாத்துக்கும். அந்த நேரம் உங்க கையில இருக்கிற ஸ்டியரிங் செத்துப்போய் நின்னா நீங்க பதறிருவீங்க. அதுக்காக வண்டி எப்படித் திரும்புதோ அப்படியே இங்கயும் திரும்பும். உங்க கை அதோட போகும். நீங்க திருப்புறதா நினைப்பீங்க.”

“இல்ல சார். நான்தான் திருப்பினேன். எனக்குத் தெரியாதா?”

அவர் மறுநாள் காலை அவளை மறுபடி அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார். கோவைக்கு வெளியே ஒரு வெற்றுத் திடலில் வேறொரு காரை நிறுத்தியிருந்தார்கள். வழியெங்கும் பீப்பாய்களும் துணி பொம்மைகளும் வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஓட்டுங்கள் என்றார். அவள் ஓட்டினாள். பீப்பாய்களை வளைத்து வளைத்துப் போனாள். குறுக்கே இழுத்து விடப்பட்ட ஒரு பொம்மையைக் கண்டு இடப்பக்கம் ஒடித்து நிறுத்தினாள். வியர்த்துப் போய்த் திரும்பிப் பார்த்தபோது ஜெயசிங் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு கேபிளின் முனை இருந்தது.

மூன்றாவது நிமிடத்திலேயே அதைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். திரைக்குப் படம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை.

செண்பகவல்லி தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பொம்மையைக் காப்பாற்றிய திருப்பம் இப்போதும் மணிக்கட்டில் இருந்தது. நல்லபடியாகத் திருப்பினோம் என்ற சந்தோஷம்கூட இன்னும் மறையவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இந்த ஆறு வருஷத்தில் இப்படி எத்தனை தடவை நடந்திருக்கும் என்று கேட்டாள். அவர், கோவில்பட்டி லைன் அவ்வளவு நல்ல லைன் இல்லை என்றார். சில நாட்களில் பாதி நேரத்துக்கு மேலேயே வண்டி தானாக ஓடியிருக்கலாம் என்றும் சொன்னார்.

மண்டபத்துச் சுவரில் அவள் படம் மாட்டியிருந்தது. விபத்தில்லாமல் ஓட்டியதற்காகப் போன வருஷம் பாராட்டு கொடுத்திருந்தார்கள். வெளியே வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தாள்.

அதற்கப்புறம்தான் குழப்பம் முற்றியது. நெடுங்கையின் மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன்னைப்போல ஓட்டுகிற ஆள் இந்த மண்டபத்திலேயே கிடையாது என்றார். அந்த இக்கட்டில் சட்டென்று திருப்பி ஒரு உயிரைக் காப்பாற்றியது அவள்தான், மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது என்றார். அதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிடு என்று முடித்தார். வண்டி தானாக ஓடியது என்று வெளியே போனால் தானோட்டிக்கு உண்டான உரிமம் இல்லாமல் நிறுவனம் வண்டி ஓட்டியதாக ஆகிவிடும். நாற்பது பேர் வேலை போகும் என்றும் சொன்னார். ஜெயசிங்கோ, காப்பீடு ஓட்டுகிற கைக்குத்தான், கை ஓட்டாதபோது எங்கள் நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை என்றார். அவளைக் குற்றவாளி ஆக்கப் பார்த்தவர்கள் அவளைப் பெரிய ஓட்டுநர் என்றார்கள். அவளைக் காப்பாற்ற வந்தவர் அவள் ஒன்றுமே செய்யவில்லை என்றார்.

சட்டம் அவளிடமே விட்டிருந்தது. பதிவில் இடைவெளி இருந்தால் ஓட்டுநர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமே முடிவு. ஓட்டினேன் என்று எழுதினால் அடிபட்டவருக்கு அவளுடைய பாலிசி கொடுக்கும். ஆனால் அவள் பெயர் கறைபட்டுப் போகும். பிறருக்குச் சொந்தமான வண்டியை ஓட்ட இனி எந்த நிறுவனமும் அவளுக்குக் காப்பீடு தராது. ஓட்டவில்லை என்று எழுதினால் அவள் தப்பித்தாள். அடிபட்டவர் வேறு மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் நெடுங்கையின் மேல் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

கோமதிநாயகத்துக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. “நீ ஓட்டலைன்னு அவங்களே படிச்சுப் படிச்சுச் சொல்லுதாங்க. உண்மையச் சொல்லிட்டு வெளியில வா. பொய் சொல்லி மாட்டிக்கிடணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?” என்றான். அவன் சொன்னது சரி. எது உண்மை என்பதில்தான் அவளுக்குச் சிக்கல்.

அந்த வாரம் அவள் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனாள். ஆறு வருஷம் தெருத்தெருவாக ஓட்டிய ஊரில் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தாள். வழி எல்லாம் தெரிந்தது. ஆனால் தெருக்கள் திரையில் பார்த்ததைவிடக் குறுகலாக இருந்தன. வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும் இரும்புத் தூள் வாசனையும் வந்தன. இத்தனை நாளும் இவை இல்லாத ஊரிலா ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹேமலதா வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. போலீஸ் விசாரணை முடிந்து திரும்பி வந்திருந்தது. முன்புறம் இடப்பக்கம் நெளிந்திருந்தது. அவள் கதவைத் தொடப் போய், கேட்காமல் தொடலாமா என்று கையை இழுத்துக்கொண்டாள். குரல் கேட்டதும் பேராசிரியர் தடவித் தடவி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு உயரமாக இருப்பாள் என்று நினைக்கவில்லை என்றார்.

விபத்து நடந்த அன்று என்ன கேட்டது என்று செண்பகவல்லி மெதுவாகக் கேட்டாள். பார்வை போனவர்களுக்குக் காது தப்பாது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஹேமலதா அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். “நீங்க உங்க பொண்ணு ஹாஸ்டல் சாப்பாட்டப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க. ‘சாம்பார்ல’ன்னு சொல்லி நின்னுட்டீங்க. அப்புறம் வண்டி திரும்பிச்சு, இடிச்சுது, நின்னுது. அதுக்கப்புறம்தான் உங்க குரல் வந்தது. ‘உப்பே இல்லையாம்’னு. அதுக்குப் பிறகு அலறினீங்க” என்றார். இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் தன்னைக் கேட்கவும் இல்லை என்றார். குருடி சாட்சி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. “நீங்க அங்க இல்ல, செண்பகம். அந்த நேரத்துல வண்டியில நான் மட்டும்தான் இருந்தேன்.”

அவள் தலையாட்டினாள். அவர் அதைப் பார்க்க முடியாது என்று பிறகு உறைத்து, சரி மேடம் என்றாள்.

ஆக, அவள் செய்யவில்லை. இனி சந்தேகமில்லை. அந்தத் தெம்போடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடிபட்டவரை ஒரு தடவை பார்த்து, ஆறுதல் சொல்லி, நான் ஓட்டவில்லை என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தாள்.

அவர் பெயர் பட்டீஸ்வரன். நாற்பத்தெட்டு வயது. லேத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டுத் தலையணை மேல் கிடந்தது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காருங்க என்றாள். கோபமாக யாரும் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்கதானுங்களா ஓட்டுனது?” என்று அவர் கேட்டார்.

அவள் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவராகவே பேசினார். கடைந்த இரும்பு தலைமுடியில் பாதி கனம் தேய்ந்திருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவாராம். அளக்கிற கருவியை எடுப்பது முதலாளிக்குக் காட்டத்தானாம். சர்வேயர் வந்ததாகவும், யாருமே ஓட்டவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“யாராச்சும் ஓட்டியிருந்தா அவிய மேல கோவப்படலாம், இல்லீன்னா மன்னிச்சுட்டுப் போலாம். யாருமே ஓட்டலீன்னா நானு எங்கீங்க போறது? கை போனது மட்டும் நெசமா இருக்குதுங்களே.”

செண்பகவல்லி தான் தயாரித்து வந்த வாக்கியத்தை விட்டுவிட்டாள். “நான்தான் ஓட்டினேன்” என்றாள்.

பட்டீஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

வாக்குமூலம் எழுதிய அன்று ஜெயசிங் இரண்டு தடவை பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். பேராசிரியரைத் தானும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இது பொய் வாக்குமூலம் என்று தெரிந்தும் தான் வாங்கினால் அது தன் தொழிலுக்குச் செய்கிற துரோகம் என்றார். தன் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இனி நீங்கள் எந்த ஸ்டியரிங்கையும் தொட முடியாதே என்றும் சொன்னார்.

“தெரிஞ்சேதான் எழுதுறீங்களா?”

“எனக்குத் தெரிஞ்சதத்தான் சார் எழுதுதேன். என் கைக்கு அப்படித்தான் ஞாபகம். அது தப்புன்னு நீங்க கேபிளக் காட்டுனீங்க. ஆனா கை இன்னும் ஒத்துக்கிடல.”

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காகிதத்தை அவளிடம் நகர்த்தினார்.

பட்டீஸ்வரனுக்கு வர வேண்டியது வந்தது. அவர் அதை வைத்து ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு, ஆள் வைத்து ஓட்டினார். இடது கையால் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டிருப்பதாக ஒரு தடவை போன் பண்ணிச் சொன்னார். நெடுங்கை செண்பகவல்லியின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு அவள் நாற்காலியில் கயத்தாற்றுப் பெண் ஒருத்தியை உட்காரவைத்தது. கோமதிநாயகம் ஒரு மாதம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினான். அவள் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்காராமல், டிரைவரின் கையைப் பார்க்கிற மாதிரி ஒரு சீட்டைத் தேடி உட்கார்ந்தாள். செய்யாததைச் செய்ததாகச் சொன்னவள் என்று தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவு பெருமையாக இல்லாவிட்டாலும் தெளிவாக இருந்தது. அதோடு வாழலாம் என்றிருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகிற வழியில் இறங்கியதாகவும், மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகவும் சொன்னாள். பெயர் மரகதம். கோவை மாநகராட்சியில் துப்புரவுப் பணி. அன்றைக்கு அந்தப் பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான். விலாசத்தைப் பட்டீஸ்வரனிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் செண்பகவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. பழியை வாங்கிக்கொண்டபோது அவளுக்கு இப்படி இருந்ததில்லை. அதை யாரோ ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. நன்றியை எப்படி வாங்குவது? அது கொஞ்சம்கூட அவளுடையது இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

“நீ ஆரன் அடிக்கலீன்னா நான் நின்னுருக்க மாட்டேன் அம்மிணி” என்றாள் மரகதம். “வண்டியத் தள்ளிக்கிட்டு அப்படியே ரெண்டு எட்டு வெச்சிருப்பேன். பாம் பாம்னு ரெண்டு அடி அடிச்ச பாரு, அதுலதான் நின்னேன். அப்புறம்தான் காரு திரும்புச்சு.”

செண்பகவல்லி அவளை மறுபடி சொல்லச் சொன்னாள். மரகதம் மறுபடி சொன்னாள். பஸ்ஸின் ஹாரனோ என்று கேட்டதற்கு, பஸ்ஸில் டிரைவரே இல்லை, டீ குடிக்க இறங்கியிருந்தார் என்றாள். எதிரே வந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

மரகதம் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகும் செண்பகவல்லி டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தானாக ஓடும்போது அந்தக் கார் ஹாரன் அடிக்காது. அடிக்கிற வழியே அதற்கு வைக்கவில்லை. ஹாரன் அடிக்க ஆள் கை வேண்டும். ஆனால் ஹாரன் அடித்ததாக அவளுக்குத் துளிகூட ஞாபகமில்லை. பேராசிரியரும் ஹாரனைச் சொல்லவில்லை; தெருவில் கேட்ட எத்தனையோ ஹாரன்களில் ஒன்றாக அது போயிருக்கும்.

ஜெயசிங்கின் எண் இன்னும் போனில் இருந்தது. அவர் எடுத்து, முழுவதையும் கேட்டார். பதிவில் ஹாரன் ஏறுவதில்லை, அப்படியானால் லைன் போவதற்கு முன்னால் அவள் அங்கே இருந்திருக்கிறாள் என்றார். ஹாரன் போய்ச் சேர்ந்திருந்தால் திருப்பியதும் போய்ச் சேர்ந்திருக்கலாம். சேராமலும் இருக்கலாம்.

“பைலைத் திறந்து திருத்தணுமாம்மா?” என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். இப்போது திருத்தி என்ன எழுதுவது? நான்தான் ஓட்டினேன் என்று எழுத வேண்டும். அது ஏற்கெனவே அங்கே எழுதியிருந்தது, அவள் கையெழுத்தோடு.

வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.